பத்தொன்பது நாள் ரீடிங்

"பின்னாடி எலுமிச்சை மரத்தடியில அண்ணனோட முக்காலி கெடக்குமே, அதையும் எடுத்துட்டு வா" என்று அத்தை குரல் கொடுத்தபோது, சின்னவன் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிக்க முடியாமல் வாசலில் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். வாடகைக்கு வந்த நாற்காலிகள் இருபது. வந்திருந்த ஆட்கள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். மின்சார அலுவலகத்திலிருந்தே பதினோரு பேர் வந்து மதிலோரம் கைகட்டி நின்றுகொண்டிருந்தார்கள்.

முன்னறையில் அப்பா வெள்ளைத் துணிக்குள் கிடந்தார். விடிகாலை ஐந்து மணிக்கு மூச்சு நின்றது. இப்போது பதினொன்று. வண்டி நாலு மணிக்கு வரும். அதுவரை ஓடியாட வேலை இருந்துகொண்டே இருக்கும் என்பதுதான் சின்னவனுக்கு இருந்த ஒரே நிம்மதி. நாற்பத்தாறு வயதாகி முன்மண்டையில் முடி கொட்டியிருந்தாலும் இந்த வீட்டில் அவன் சின்னவன்தான். அக்கா பெரியவள். ஐந்து மணி நேரம் பேருந்தில் உட்கார்ந்து சற்று முன்புதான் வந்து சேர்ந்திருந்தாள்.

நாற்காலிகளைப் போட்டுவிட்டு அடுக்களை வழியாகப் பின்கதவு வரை போனான். தாழ்ப்பாளில் கைவைத்தான். வைத்தவன் அப்படியே நின்றான்.

அடுப்படியில் தேநீர் வடிகட்டிக்கொண்டிருந்த அவன் மனைவி திரும்பிப் பார்த்தாள். ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்து நீட்டினாள். பத்தொன்பது நாளாக அதே இடத்தில் அவள் நீட்டிய அதே டம்ளர். அவள் வேண்டுமென்று செய்திருக்க மாட்டாள், கைப்பழக்கம். ஆனால் அவனுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது.

இருபது நாள் முன்பு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு போயிற்று. அறுவை செய்தால் இதயம் தாங்காது, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் டாக்டர். கட்டிலை முன்னறைக்கு மாற்றினார்கள். மறுநாள் காலை, சின்னவன் வேலைக்குப் புறப்பட்டு முன்னறையைக் கடக்கும்போது அப்பா கூப்பிட்டார்.

"கொல்லையில எலுமிச்சைகிட்ட ஒரு எட்டு போய்ப் பாத்துட்டு வந்து சொல்றியா?"

எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லத் தேவையில்லை. எலுமிச்சைக்கும் துணி காயப்போடும் கம்பத்துக்கும் நடுவே வலை கட்டியிருந்த பெரிய சிலந்தியை வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அப்பா அதற்கு மேடம் என்று பெயர் வைத்திருந்தார். அவருடைய பழைய அதிகாரியின் நினைவாக. "சீட்டை விட்டு எழுந்திருக்க மாட்டாங்க. எது வந்தாலும் அவங்க கைக்கு வந்துதான் போகணும்" என்பார். எட்டுக் கால்களையும் இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி மாதிரி வைத்துக்கொண்டு அது நாள் முழுக்கத் தலைகீழாகக் கிடக்கும்.

சின்னவன் அடுக்களைக்குப் போனான். அன்றைக்கு நூற்றிருபது வீட்டில் மீட்டர் ரீடிங் எடுக்க வேண்டும், மணி ஏழாகப் போகிறது. பின்கதவு பத்தடியில் இருந்தது. மனைவி நீட்டிய தண்ணீரைக் குடித்தான். கொஞ்ச நேரம் தொட்டியருகே நின்றான். திரும்பி வந்து, "இருக்குப்பா. நடுவுல உக்காந்திருக்கு" என்றான்.

அப்பா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, "அப்படியா? உக்காரு. சொல்லு" என்றார்.

அவன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தான். பதினோரு வருடத்தில் அவர் பக்கத்தில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்தப் பதினோரு வருடக் கதை அலுவலகத்தில் எல்லோருக்கும் மனப்பாடம். சின்னவன் வீடு வீடாகப் போய் மீட்டர் ரீடிங் எடுப்பவன். அப்பா அப்போது அதே அலுவலகத்தில் அந்த ரீடிங் புத்தகங்களைச் சரிபார்த்துவந்தார். நேரில் போகாமல் மரத்தடியில் உட்கார்ந்து எழுதிய எண்ணை அவர் மோப்பம் பிடித்துவிடுவார். பார்த்து எழுதிய எண் ஏறுக்கு மாறாக இருக்கும், பார்க்காமல் எழுதியது பள்ளிப்பிள்ளை மாதிரி வரிசையில் நிற்கும் என்பார். சந்தேகப்பட்ட எண்ணின் பக்கத்தில் பென்சிலால் ஒரு சின்ன வட்டம் போடுவார். அவ்வளவுதான். அந்த வட்டத்தைக் கண்டு நடுங்காத ஆள் அந்த அலுவலகத்தில் கிடையாது.

ஒரு வீடு எட்டு மாதமாகப் பூட்டிக் கிடந்தது. சின்னவன் பழைய மாதங்களை வைத்து உத்தேசமாக எழுதிக்கொண்டே வந்தான். அந்த வீட்டு மீட்டரையே துறை கழற்றிக்கொண்டு போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது அவனுக்குத் தெரியாது. அப்பா வட்டம் போட்டார். மேலதிகாரிக்கு எழுதியும் அனுப்பினார். ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். திரும்பி வந்தபோது அவனுக்கு 'இல்லாத மீட்டர்' என்ற பட்டப்பெயர் காத்திருந்தது. இன்றைக்கு மதிலோரம் நிற்கும் பதினோரு பேரில் பாதிப் பேர் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?" என்று அன்றைக்கு வீட்டில் கேட்டான்.

"வட்டம் போடறது என் வேலை."

"அப்ப அப்பாவா இருக்கறது யாரு வேலை?"

அதற்குப் பிறகு இருவரும் சாப்பாடு, சாவி, மருந்து தவிர வேறெதுவும் பேசிக்கொள்ளவில்லை. ஓய்வு பெற்றதும் சரிபார்க்க ஆள் இல்லாமல் போகவே, அப்பா கொல்லைப்புறத்துப் பூச்சிகளைச் சரிபார்க்க ஆரம்பித்தார். முக்காலி, உருப்பெருக்கிக் கண்ணாடி, பழைய ரீடிங் புத்தகம் ஒன்று. கும்பிடுகிற பாவனையில் நின்று கழுத்தைக் கடிக்கும் கும்பிடுபூச்சி, மணலில் குழி பறித்து எறும்புக்காகக் காத்துக் கிடக்கும் குழிநரி, மதிலில் தத்தித் தத்தி ஈயைப் பிடிக்கும் ஈப்புலி. எல்லாவற்றுக்கும் வந்த நேரம், போன நேரம், என்ன பிடித்தது, எவ்வளவு நேரம் தின்றது. எல்லாம் கொன்று தின்கிற கூட்டம். பூவையும் பட்டாம்பூச்சியையும் அவர் ஏறெடுத்தும் பார்த்ததில்லை. "சொந்தப் பிள்ளையையே பிடிச்சுக் குடுத்தவருக்கு ஏத்த சேர்க்கை" என்று சின்னவன் மனைவியிடம் சொல்லியிருக்கிறான். அவர் கொல்லையில் இருக்கும்போது அவன் அந்தப் பக்கம் கால் வைப்பதில்லை. பிறகு அவர் இல்லாதபோதும் வைப்பதில்லை.

ஆக, பத்தொன்பது காலை. அடுக்களை, தண்ணீர், தொட்டியருகே ஒரு நிமிடம், திரும்பி வந்து ஒரு பொய். ஈ பிடிச்சிருக்குப்பா. இன்னிக்கு வெட்டுக்கிளி. இன்னிக்கு ஒண்ணும் இல்ல, சும்மா உக்காந்திருக்கு. நாளாக ஆக அவனுக்கே அதில் ருசி வந்துவிட்டது. வெட்டுக்கிளி எப்படித் திமிறியது, மேடம் எப்படி நூலைச் சுற்றியது என்றெல்லாம் கையை ஆட்டிச் சொன்னான். அப்பா கண்ணை மூடிக் கேட்பார். நடுவில் ஏதாவது கேட்பார். "எந்தக் காலால பிடிச்சுது?" அவன் அதற்கும் ஒன்று சொல்வான். ஒருநாள் பேச்சு பூச்சியிலிருந்து நழுவி அவன் மகளின் கல்லூரிக்குப் போயிற்று. இன்னொரு நாள் அவன் முட்டிவலிக்குப் போயிற்று. "மாடிப்படி ஏறும்போது பக்கவாட்டுல வச்சு ஏறு" என்றார் அப்பா.

நேற்றுக் காலை மழை விட்டிருந்தது. "மழையில பிஞ்சிருக்கும்ல?" என்று கேட்டார். குரல் நூலாகிவிட்டிருந்தது.

"பிஞ்சுதான் போச்சு. ஆனா மறுபடி கட்டிடுச்சுப்பா. முன்னைக்கு இன்னும் பெருசா."

"நல்லா கட்டியிருக்கா?"

"ம். நல்லா கட்டியிருக்கு."

"சரி" என்றார் அப்பா. அவர் அவனிடம் சொன்ன கடைசி வார்த்தை அதுதான்.

"என்னடா, இங்க நின்னுட்டிருக்கே?"

அக்கா அடுக்களைக்குள் வந்திருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது. அவன் தாழ்ப்பாளில் கை வைத்திருப்பதைப் பார்த்ததும் அவள் முகம் லேசாக மலர்ந்தது.

"மேடத்தப் பாக்கத்தான் போறியா? எனக்கும் காட்டு. தினமும் ஃபோன்ல அதே பேச்சுதான் அப்பாவுக்கு. சின்னவன் போய்ப் பாத்துட்டு வந்து சொல்றான், பக்கத்துல உக்காந்து சொல்றான்னு. எத்தனை தடவ சொன்னாரு தெரியுமா? நேத்து பேசும்போதுகூட, மழைக்கப்புறம் புதுசா கட்டிடுச்சாம், பெருசான்னாரு. மூச்சு வாங்க வாங்கச் சொன்னாரு."

மனைவி வடிகட்டியை வைத்துவிட்டு வெளியே போய்விட்டாள். போகும்போது அவனைப் பார்க்கவில்லை.

அவன் கதவைத் திறந்தான். வேறு வழியில்லை.

இருந்துவிடக் கூடாதா என்று வேண்டிக்கொண்டே நடந்தான். ஒரே ஒரு சிலந்தி. எந்தக் கழிசடைச் சிலந்தியாக இருந்தாலும் சரி. அது அங்கே இருந்துவிட்டால் பத்தொன்பது நாள் சொன்னதும் உண்மையாகிவிடும் என்று அவன் மனம் குழந்தைத்தனமாகக் கணக்குப் போட்டது. எலுமிச்சை இலைகளில் ராத்திரியும் பெய்த மழைத்தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. கிளைக்கும் கம்பத்துக்கும் நடுவே ஒன்றும் இல்லை. வலை இல்லை, ஒற்றை நூல்கூட இல்லை. அவன் கிளைகளை விலக்கினான். கம்பத்தைச் சுற்றி வந்தான். குனிந்தான், எம்பினான். முள் கையைக் கிழித்தது.

"எங்கடா?"

"இங்கதான்... நேத்து இங்கதான் இருந்துச்சு."

வாய் தானாகச் சொல்லியது. அப்பா முன்னறையில் கிடக்கும்போதும் சொல்லியது. சின்னவனுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது.

"ராத்திரி எதாவது தூக்கிட்டுப் போயிருக்கும்" என்று அக்கா அவனுக்கே சமாதானம் சொன்னாள். "அப்பா போனதும் அதுவும் போயிடுச்சு போல. பரவால்ல, அவரு நோட்டுல எழுதியிருப்பாருல்ல? படுத்துக்கிட்டே எழுதறேன்னு சொன்னாரு. எங்க இருக்கு அது?"

நோட்டு. அவன் அவளை முந்திக்கொண்டான். "நானே எடுத்துட்டு வரேன். நீ உள்ள போ" என்றான்.

விடிகாலையில் கட்டிலைக் காலி செய்தபோது அப்பாவின் தலையணை, விரிப்பு, மருந்துப் பெட்டி எல்லாவற்றையும் பக்கத்து அறையில் ஒரு மூலையில் குவித்திருந்தார்கள். தலையணை உறைக்குள் கைவிட்டான். இருந்தது. காக்கி அட்டை போட்ட ரீடிங் புத்தகம், சணலில் கட்டிய பென்சில். கடைசிப் பக்கங்களைப் புரட்டினான். தன் பொய்கள் அப்பாவின் கையெழுத்தில் எப்படியிருக்கும் என்று பார்க்கப் பயமாக இருந்தது. அக்காவிடம் கொடுக்காமல் எங்காவது சொருகிவிட்டால் என்ன என்றும் தோன்றியது.

முதலில் கண்ணில் பட்டது அவர் விழுந்த நாள். கையெழுத்து நேராக, திடமாக இருந்தது.

'காலை 7.10. நீலக் குளவி வந்தது. மேடம் வலையை உதறியது. குளவி இரண்டு முறை கொட்டியது. மேடம் தரையில் விழுந்தது. குளவியால் தூக்கிப் பறக்க முடியவில்லை. இழுத்துக்கொண்டே மதில் ஓட்டை வரை போனது. 7.35க்கு உள்ளே போயிற்று. வலை காலி.'

அவன் மறுபடி படித்தான். தேதியைப் பார்த்தான். அன்றைக்குச் சாயங்காலம்தான் அப்பா வழுக்கி விழுந்தார்.

அதற்குக் கீழே கையெழுத்து சாய்ந்திருந்தது. படுத்தபடி எழுதிய எழுத்து.

'மகன் சொன்னது: மேடம் இருக்கிறது, நடுவில். வந்தது 6.52. போனது 6.56.'

'மகன் சொன்னது: ஈ பிடித்தது. வந்தது 6.50. போனது 6.55.'

'மகன் சொன்னது: வெட்டுக்கிளி. வந்தது 6.45. போனது 6.54.'

முதலில் அவனுக்குப் புரியவில்லை. ஈ வந்த நேரத்தைத் தான் எப்போது சொன்னோம் என்று யோசித்தான். கட்டிலுக்கு எதிர்ச்சுவரில் கடிகாரம் மாட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. ஈ வந்த நேரம் இல்லை. அவன் வந்து உட்கார்ந்த நேரம். அவன் எழுந்து போன நேரம்.

'மகளின் கல்லூரி பற்றிச் சொன்னான். வந்தது 6.40. போனது 6.57.'

'முட்டி வலி. இடது. வந்தது 6.38. போனது 6.55.'

'மகன் சொன்னது: மழையில் வலை கிழிந்தது. மறுபடி கட்டிவிட்டது, பெரிதாக. வந்தது 6.35. போனது 6.58.'

அதற்குப் பிறகு கோடு போட்ட வெறும் தாள்.

இல்லாத மீட்டருக்கு இரண்டாம் தடவையும் ரீடிங் எழுதியிருக்கிறான். அதே ஆளிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறான். அவன் முதலிலிருந்து ஒவ்வொரு வரியாக விரல் வைத்து வட்டத்தைத் தேடினான். பக்கத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தான். போட்டு அழித்த தடம்கூட இல்லை. பத்தொன்பது வரியிலும் இல்லை.

பத்தடி. அந்தப் பத்தடி நடந்து போய், வலை காலியா இருக்குப்பா என்று ஒரு நாள், ஒரே ஒரு நாள் உண்மையைச் சொல்லியிருந்தால்? அப்போதும் அவர் உட்காரச் சொல்லியிருப்பார். இப்போது அது தெரிந்து என்ன பிரயோசனம்? அவன் சணலில் தொங்கிய பென்சிலை எடுத்தான். முதல் வரியின் பக்கத்தில் ஒரு வட்டம் போடப் போனான்.

"என்னடா பண்றே?"

அக்கா நிலைப்படியில் நின்றிருந்தாள். அவன் புத்தகத்தை அவளிடம் நீட்டினான். மூடி மறைக்கத் தெம்பில்லை.

"நான் பாக்கவே போகலக்கா. ஒரு நாள்கூடப் போகல. அடுக்களையில நின்னு தண்ணி குடிச்சுட்டு வந்து வாய்க்கு வந்ததச் சொன்னேன்."

அவள் நின்றபடியே படித்தாள். குளவி வந்த இடத்தில் அவள் கண் நின்றது. பிறகு கீழே போயிற்று. மறுபடி மேலே வந்தது. முன்னறையில் யாரோ புதிதாக வந்து அத்தையைக் கட்டிக்கொண்டு அழும் சத்தம் கேட்டது.

"தெரிஞ்சுக்கிட்டேதான் எங்கிட்ட அவ்வளவு பெருமையா சொன்னாரா?" என்றாள் அக்கா. கேள்வி மாதிரி இல்லை. அவன் கையிலிருந்த பென்சிலைப் பார்த்தாள். "அத எதுக்கு எடுத்தே?"

"வட்டம் போட."

அவள் பென்சிலை வாங்கிப் புத்தகத்துக்குள் வைத்து மூடினாள்.

"அவரே போடல. நீ போடாத" என்றாள்.

புத்தகத்தை அவன் கையில் திரும்பக் கொடுத்துவிட்டுப் போனாள். அவன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதான். சத்தம் வந்தது. காலையிலிருந்து அவன் அழவில்லை என்று யார் யாரோ கவனித்திருந்தார்கள், அவர்களுக்கும் கேட்டிருக்கும்.

"முக்காலி கேட்டு எவ்வளவு நேரமாச்சு!" அத்தையின் குரல் மறுபடி வந்தது. "பெரியவங்க நின்னுட்டிருக்காங்கடா."

முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி கொல்லைக்குப் போனான். இந்தத் தடவை கதவருகில் நிற்கவில்லை. முக்காலி எலுமிச்சையின் அந்தப் பக்கம், மதிலை ஒட்டி, இருபது நாள் முன்பு அப்பா விட்டுவிட்டு எழுந்துபோன இடத்திலேயே இருந்தது. அதற்கு நேரே மதிலில் விரல் நுழையும் அளவுக்கு ஓர் ஓட்டை. சின்னவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு முக்காலியின் விளிம்பைப் பிடித்துத் தூக்கக் குனிந்தான்.

மூன்று கால்களுக்கும் நடுவே வலை இருந்தது. உள்ளங்கை அகலம்கூட இல்லை. மழை படாத இடம். நடுவில் மிளகளவில் ஒரு சிலந்தி, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்து வைத்துக்கொண்டு தலைகீழாகக் கிடந்தது. அவன் மூச்சு பட்டதும் வலையைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கியது. பிறகு நின்றது. அவன் விளிம்பிலிருந்து விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தான். எடுத்துவிட்டு ஈரத்தரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தான். முட்டி வலித்தது. பக்கத்தில் வெகுநேரம் இருந்தான். ஒரு கொசு வந்து வலையோரம் மோதித் தப்பித்தது. சிலந்தி நகரவில்லை.

வெறுங்கையோடு வாசலுக்கு வந்தவனைப் பார்த்து அத்தை கேட்டாள்.

"எங்கடா முக்காலி?"

"அதுல ஆள் இருக்கு அத்தே."

அத்தை அவனை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அக்கா தலையைத் திருப்பி அவனைப் பார்த்தாள். அவன் முன்னறைக்குள் போய் அப்பாவின் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்து, எதிர்ச்சுவரில் மணி என்ன என்று பார்த்தான்.